பதினாறு பொட்டு

கிரீஸுக்கு ஒரு வாடை உண்டு. கருகின எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறினால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இறங்காத வாடை. நான் நாலாம் வகுப்பு படித்த காலத்தில், எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது, அந்த வாடை ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அம்மாவின் தலைமுடியிலிருந்து வரும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சவர்க்காரம் போட்டு மூன்று தடவை குளித்துவிட்டு வந்தாலும் காதோரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அப்பா எஸ்டேட் பிக்கப்பின் டிரைவர் என்பதால், அவர் சட்டையைத் துவைத்துத்தான் அம்மாவுக்கு அந்த வாடை ஒட்டுகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போயிற்று. அன்றைக்கு டிவியில் தமிழ்ப்படம். எங்கள் லயத்தில், அந்த ஒட்டுவீட்டு வரிசையில், டிவி இருந்தது இரண்டே வீட்டில்தான், அதனால் லயமே அந்த இரண்டு வீட்டு வாசலிலும் குவிந்துகிடந்தது. படம் பாதியில் இருக்கும்போது எனக்குத் தாகம். தண்ணீர் குடிக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் பிக்கப் நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டிலும் மெட்டி.

அம்மாவின் மேல் வண்டி ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு எதை நினைப்பது? வண்டிக்கு அடியில் பொம்பளைக் கால் கிடந்தால் அதற்கு வேறு காரணம் இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. வாயைத் திறந்தேன், சத்தம் வருவதற்குள் அடியிலிருந்து கரிபிடித்த கை ஒன்று நீண்டு என் கணுக்காலைப் பிடித்தது.

"கத்தாதடி! நல்லாத்தான் இருக்கேன். கத்தி ஊரக் கூட்டிடாத!"

கத்தவில்லை. பிறகுதான் விஷயம் முழுக்கத் தெரிந்தது. அதற்கு முந்தின வருடம் லோரியில் உர மூட்டை ஏற்றும்போது அப்பா கீழே விழுந்து, இடது தோள் இறுகிப்போயிருந்தது. கியர் போட முடியும், ஸ்டியரிங் பிடிக்க முடியும். ஆனால் கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியாது. வண்டியின் மூட்டுகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது டிரைவரின் வேலை. மல்லாக்கப் படுத்து, ஒரு கையால் கிரீஸ் பம்பின் வாயைக் குமிழில் அழுத்திப் பிடித்து, மறு கையால் அமுக்க வேண்டும். தோள் செத்த மனிதனால் அது ஆகாது. விஷயம் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி காதுக்குப் போனால் டிரைவர் வேலை போகும், வேலையோடு டிரைவருக்கென்று கொடுத்த லயத்துத் தலைவீடும் போகும். அதனால் அம்மா அடியில் போனாள்.

படம் ஓடும் ஞாயிறுதான் அவளுக்குத் தோது. எல்லாரோடும் போய் உட்கார்ந்து, முதல் பாட்டு முடிந்ததும் தலைவலி என்று எழுந்து வந்துவிடுவாள். லயத்துப் பெண்கள் அவளை "ரொம்பத்தான் பெரிய மனுசி, நம்ம கூட உக்காந்து படம் பாக்கமாட்டா" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை மாற்றுவதற்காக, விஷயம் தெரிந்த பிறகு, நடுக்கதையை நான் வந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான் பாதி நேரம் படத்தைப் பார்க்காமல் விளையாடிவிட்டு வாயில் வந்த கதையைச் சொல்வேன். அதை நம்பி அம்மா குழாயடியில் போய், உயிரோடிருந்த கதாநாயகனைச் செத்துவிட்டான் என்று சாதித்துச் சண்டைபோட்டுவிட்டு வந்த நாளெல்லாம் உண்டு. இன்றைக்கும் அந்தக் காலத்துப் படங்களில் பலவற்றின் கதை அவளுக்கு என் கதைதான்.

அந்த வேலைக்கு அம்மா ஒரு பெயர் வைத்திருந்தாள். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைப் பலகை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு வயசு" என்பார்கள். அதனால் "கிரீஸ்" என்ற வார்த்தையை அவள் வாயில் எடுக்கவே மாட்டாள். வண்டிக்கு அடியில் கிரீஸ் ஏற்றுவதற்கென்று சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும், விரல் நுனி அளவுக்கு. அவற்றைப் "பொட்டு" என்பாள். முன்சக்கரத்து மூட்டுகளில், ஸ்டியரிங் கம்பிகளில், பின்னால் பட்டைக் கம்பிகளில் எல்லாமாகச் சேர்த்துப் பதினாறு பொட்டு. "ஏங்க, வண்டிக்குப் பொட்டு வெக்கிற வாரம்லா இது?" என்று அவள் அப்பாவைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பக்தி என்று கேட்கும், எங்களுக்குக் கிரீஸ் என்று கேட்கும். நல்ல தந்திரம் என்று மூன்று பேரும் நினைத்தோம்.

நான் காவல். பின்வாசல் படியில் உட்கார்ந்து, யாராவது வந்தால் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிக்க வேண்டும். சில நாள் உள்ளே நுழைந்து அம்மாவோடு படுத்துக்கொள்வேன். இரண்டு மூன்று தடவை என்னை அமுக்கவும் விட்டிருக்கிறாள். மூட்டைச் சுற்றியிருக்கும் ரப்பரின் ஓரத்தில் பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வந்தால் உள்ளே புதுசு போயிற்று என்று அர்த்தம். எனக்கு அதைப் பார்க்கக் குமட்டும். அம்மாவுக்கு அதைப் பார்த்தால்தான் முகம் தெளியும்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. அதற்குள் நான் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டி அம்மாவின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோயிற்று. துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். பொட்டு வைக்கும் ஞாயிறு ஒன்று தப்பியது. போதாததற்கு, ஆயுத பூஜைக்கென்று பிக்கப்பைக் குளிப்பாட்டினார்கள். கோயில் இளவட்டங்கள் குழாயைப் பிடித்து, அடிப்பாகம்வரை சோப்புத் தண்ணீர் பீய்ச்சி, சேறெல்லாம் போகப் பளபளப்பாக்கிவிட்டார்கள். மேலேயிருந்த கொஞ்ச கிரீஸும் அதோடு போயிருக்கும். யாருக்குத் தெரியும்? எல்லாரும் வண்டி அழகாயிருக்கிறது என்றார்கள்.

பூஜையன்று காலை எங்கள் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டும் அவல் கடலை பிரித்துக்கொண்டும் இருந்தார்கள். நான் புதுப்பாவாடை கட்டி, கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் வைத்துக்கொண்டு, அம்மியிலிருந்து அரிவாள்வரை பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவிலிருந்து, வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்:

"வண்டிக்குப் பொட்டு வெச்சிடுடி. பதினாறும் வெச்சிடு. ஒண்ணு கூட வுட்டுடாத."

சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற பெண்ணிடம் இப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அம்மா சொன்னது, ஆம்பிளைகள் எல்லாம் கோயிலில் இருக்கிறார்கள், பின்பக்கம் யாருமில்லை, நீ போய் உனக்குத் தெரிந்த மாதிரி கிரீஸ் அடித்துவிடு என்று. எனக்குக் கேட்டது வேறு. எல்லா வருடமும் பானெட்டுக்குச் சந்தனம், கண்ணாடிக்குக் குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அடியில் கிடந்து உழைக்கிற அந்தப் பதினாறுக்கும் ஒருநாளும் ஒன்றும் இல்லை. இந்த வருடம் அம்மா அதற்கும் செய்யச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அடியில் நுழைந்தேன். ஒவ்வொரு குமிழாகத் தேடிப்பிடித்து, விரலால் துடைத்து, சந்தனத்தை நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். எண்ணிக்கொண்டே வைத்தேன். பதினாறு.

ராத்திரி கையில் மருந்து தடவிக்கொண்டே அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பதினாறும் ஆச்சா?"

"ஆச்சும்மா."

"இடது பக்கம் முன்னால, சக்கரத்துக்கு அடில ஒண்ணு இருக்குமே, கைக்கு எட்டாதே?"

"எட்டுச்சும்மா. அதுக்குக் கொஞ்சம் பெருசாவே வெச்சேன்."

அம்மா என்னை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். "என் கண்ணு, ஒருத்தருக்கும் தெரியாம எவ்ளோ பெரிய வேல பாத்துட்டே" என்றாள். ஒரு சந்தனப் பொட்டுக்கு இவ்வளவு பாராட்டா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த முத்தம் இன்னும் உச்சியில் சுடுகிறது.

அடுத்து வந்த நாட்களில் வண்டி அழ ஆரம்பித்தது. செம்மண் பாதையில் திரும்பும்போதெல்லாம் முன்பக்கம் "கீச் கீச்" என்று சத்தம். அப்பா வந்து சொன்னார். அம்மா என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு, "பூஜைக்கே பொட்டு வெச்சாச்சுலா, மழத்தண்ணி பட்டுக் கத்துது, சரியாப் போயிடும்" என்றாள். அப்பா நம்பினார். அவர் அடியில் நுழைந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அடியில் நுழைவதைத்தான் அவர் மூன்று வருடமாக யார் கண்ணிலும் படாமல் தவிர்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கை ஆறவில்லை, சீழ் வைத்துவிட்டது, பூஜைக்கு வைத்ததை நம்பி அடுத்த பொட்டு ஞாயிறையும் தள்ளிப்போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நான் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

பூஜை முடிந்து நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் லயத்து சரோஜா அக்காவுக்குக் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் ஆண்குழந்தை பிறந்து மூன்று நாள். அப்பா அவர்களைக் கூட்டிக்கொண்டுவரப் போயிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு லயத்து முனையில் எல்லாரும் நின்றோம். அம்மாவின் இடது கையில் ஆரத்தித் தட்டு. நான் அவள் பக்கத்தில். செம்பனைகளுக்கு நடுவே, பாரிட் என்று நாங்கள் சொல்லும் பெரிய வாய்க்காலை ஒட்டிய பாதையில் பிக்கப் வருவது தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

முனையில் திரும்பும்போது "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இடது முன்சக்கரம் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தாற்போல் அப்படியே படுத்தது. வண்டி மூக்கால் மண்ணை உழுதுகொண்டு போய், எங்கள் கண்ணெதிரே சாய்ந்து, இடது பக்கமாகப் பாரிட்டுக்குள் விழுந்தது. அம்மாவின் கையிலிருந்து ஆரத்தித் தட்டு விழுந்து உருண்டது. சிவப்புத் தண்ணீர் என் கால் மேல் கொட்டியது, அதை ரத்தம் என்று நினைத்து நான் குனிந்து பார்த்தேன்.

பிறகு மேலே வானத்தைப் பார்த்திருந்த டிரைவர் ஜன்னல் வழியாக இரண்டு கைகள் வந்தன. அவற்றில் துணி சுற்றிய குழந்தை. அப்பா அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். இரண்டு கையாலும். இடது கையும் மேலேயிருந்தது. மூன்று வருடமாக நெஞ்சைத் தாண்டாத கை. லயமே குழந்தையைப் பார்த்தது. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள்.

குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. வாங்கினவர் கையில் வந்த பிறகுதான் அழவே ஆரம்பித்தது. சரோஜா அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது, இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து நாலு பேர் தூக்கினார்கள். அப்பா கரையேறி உட்கார்ந்தார். இடது கை தனியாகத் தொங்கியது. அதற்குப் பிறகு அது சரியாகவேயில்லை.

அப்போதுதான் ஒவ்வொருவராக வண்டியைப் பார்த்தார்கள். மூக்கு கரையில் ஏறி, வண்டி பக்கவாட்டில் கிடந்ததால் அதன் வயிறு முழுக்கப் பாதையைப் பார்த்திருந்தது. அந்தக் கறுத்த இரும்பு நெடுக, மூட்டுக்கு மூட்டு, காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும். அடியில் ஒட்டியிருந்ததால் மழைக்குக்கூடக் கரையவில்லை. படுத்துப்போன சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது.

மோட்டாரில் வந்து இறங்கின கிராணி குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"என்னய்யா கூத்து இது? கிரீஸ் ஏத்துற எடத்துல எல்லாம் சந்தனம்! யாரு வெச்சது?"

அம்மா வண்டியைப் பார்த்தாள். பதினாறையும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்துபோன முகம். நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தன் பின்னால் இழுத்துவிட்டாள்.

"நாந்தாய்யா பொட்டு வெச்சேன்" என்றாள். குரல் உடைந்தது. "மூணு வருசமா நாந்தான் வெக்கிறேன்."

என் அம்மா அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், மூன்று வருட ரகசியத்தைப் போட்டு உடைத்தாள். ஆனால் கேட்டவர்கள் காதில் அது அப்படி விழவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"மூணு வருசமா சாமி கும்பிட்டது சரிம்மா" என்றார் கிராணி. "கிரீஸ யாரு அடிச்சா?"

அம்மாவின் உதடு அசைந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். மூன்று வருடமாகச் சொல்லாமல் சொல்லாமல் பழகின நாக்கு புரளவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்:

"நாந்தான் அடிக்கணும். மறந்துட்டேன்."

டிரைவர் வேலை போயிற்று. தோளைப் பற்றித் தெரிந்திருந்தால் ஆபீஸில் என்ன செய்திருப்பார்களோ, தெரியாததால், பாரிட்டில் விழுந்த அடி ஆறிவிடும் என்று, அவரைச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு மாற்றினார்கள். அந்தத் தோளோடு. கிரீஸுக்குப் பதிலாகச் சந்தனம் பூசிப் பச்சைக் குழந்தையைக் கொல்லப் பார்த்தவர் என்று பேச்சு. "சந்தன டிரைவர்" என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்டார்கள், உங்கப்பா இனிமேல் வண்டிக்குத் தாலியும் கட்டுவாரா என்று. நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நான்தான் வைத்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் நாங்கள் தலைவீட்டைக் காலி செய்துகொண்டு செரண்டாவுக்குப் போய்விட்டோம். அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றார், அம்மா ரவாங்கில் கம்பனி வேலைக்குப் போனாள். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பத்து வருடத்துக்கு முன்பு இறந்தபோதும் "சந்தன டிரைவர் போயிட்டாரு" என்றுதான் எஸ்டேட்டில் செய்தி சொல்லிக்கொண்டார்களாம்.

போன மாதம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயது எண்பதை நெருங்குகிறது, பார்வை மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. ரவாங்கில் ஒரு முனை திரும்பும்போது பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "இடது பக்கம் முன்னால அழுவுதுடி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட பட்டறையில் காரை விட்டேன். வேலை பார்த்த தம்பி காரை மேலே தூக்கினான். இப்போதெல்லாம் மல்லாக்கப் படுக்க வேண்டியதில்லை, காரே தலைக்கு மேலே போய்விடுகிறது. அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு காருக்கு அடியில் போய் நின்றாள். நிமிர்ந்தபடியே நின்றாள். இடது சக்கரத்துப் பக்கம் தடியை நீட்டினாள்.

"தம்பி, இந்த எடத்துக்குக் கிரீஸ் அடிப்பா" என்றாள்.

நான் கையிலிருந்த சாவியைப் போட்டுவிட்டேன். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"இதுல கிரீஸ் அடிக்க எடமே இல்ல பாட்டி" என்றான் அவன். "உள்ளயே போட்டு மூடிட்டாங்க. கெட்டுப்போனா கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுறதுதான்."

அம்மாவுக்கு அதிர்ச்சி. நம்பவில்லை. காரின் அடியில் முன்னாலிருந்து பின்னால்வரை நடந்தாள், இரண்டு பக்கமும் அண்ணாந்து கண்ணை இடுக்கித் தேடினாள், எட்டின இடத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

"அப்பவே இப்படி மூடியிருந்தா உங்கப்பா வண்டிய விட்டு எறங்கியிருக்க மாட்டாரு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறை என்றும் பார்க்காமல் சொன்னேன்: "நாந்தானேம்மா சந்தனத்த வெச்சேன். என்னாலதானே எல்லாம்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். நாற்பது வருடமாக அவள் என்ன சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீ என்னடி பண்ணுவ? பொட்டு வெக்கச் சொன்னேன், வெச்ச" என்றாள். "கிரீஸுன்னு நான் உன்கிட்ட ஒரு தடவயாச்சும் சொன்னேனா?"